சம்பந்திக்கு ஒரு ஸ்மோக்கர்

"எத்தனை பேருக்குச் சமைக்கணும் அங்கிள்?"

"நாப்பது பேருக்கு."

"எப்ப?"

"வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கு அடுத்தது."

"இதுக்கு முன்னாடி ஸ்மோக்கர் வெச்சுப் பழக்கம் இருக்கா?"

"வீட்டுலயே ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கன்னையா நாக்கைக் கடித்துக்கொண்டார். வாங்க வந்த கடையிலேயே இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி, அந்தப் பொய் இப்போது அவரைக் கேட்காமலேயே வாய்க்கு வந்துவிடுகிறது.

பொய் பிறந்தது கிள்ளானில், அவர் வீட்டு ஹாலில். மகள் மலர்விழியைப் பெண் கேட்டுச் சுங்கை பூலோவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை தனேஷும் மலர்விழியும் மூன்று வருடமாக விரும்பியவர்கள். பெரியவர்கள் தலையாட்டினால் போதும். தனேஷின் அப்பா இராமலிங்கம் தாராளமாகத் தலையாட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். தன் வீட்டு ஸ்மோக்கரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். ஆட்டுத்தொடைக்கு மசாலா தடவி உள்ளே வைத்து, நெருப்பு படாமல், வெறும் புகையிலேயே ஆறு மணி நேரம் வேக வைக்கிற பெட்டியாம்.

அடுத்தவரிடம் இருப்பது தன்னிடம் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் கன்னையாவின் பரம்பரையிலேயே கிடையாது.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு சம்பந்தி. பின்னாடி."

மனைவி குமுதா முறுக்குத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அட, சொல்லவே இல்ல!" இராமலிங்கம் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்ப பரிசத்தன்னிக்கு உங்க கையால புகை போட்ட ஆட்டுத்தொடைதான். ஆளப் பாத்தாலே தெரியுது, உண்மையான மனுஷன். நான் எதையும் பொறுத்துக்குவேன் சம்பந்தி, பொய்ய மட்டும் பொறுத்துக்க மாட்டேன். எங்க தம்பி மக கல்யாணத்த ஒரே ஒரு பொய்க்காக நிறுத்தினவன் நான்."

மலர்விழி அப்பாவைப் பார்த்த பார்வையில் பாதி கெஞ்சல், பாதி கொலைவெறி.

ஆகவேதான் ஷா ஆலமில் இந்தக் கடை. கடைக்காரர் விமலன் பொறுமைசாலி. ஒவ்வொன்றாகக் காட்டினார். முதலாவது, நெருப்புக்குத் தனி அறை வைத்த நீளமான பீப்பாய். அதை வைத்தால் காரைத் தெருவில் நிறுத்த வேண்டும். இரண்டாவது, மரத்தூள் குளிகையைத் தானே போட்டுக்கொண்டு, கறி வெந்ததும் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புவது. கறியோடு கைப்பேசியில் பேசுகிற அளவுக்குக் கன்னையா இன்னும் முன்னேறவில்லை. மூன்றாவது, முட்டை வடிவச் சுட்டமண் அடுப்பு. தூக்கவே நான்கு ஆள் வேண்டும். நான்காவது மின்சாரத்தில் ஓடுவது. அதன் படத்தை அனுப்பியதும் குமுதா பதில் போட்டாள்: "இது பிரிட்ஜ் மாரி இருக்கு. நல்லதா பாருங்க."

ஒரு சீலிங் ஃபேன் வாங்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டவர் கன்னையா. கையில் நோட்டுப் புத்தகம் வேறு. கதவு இறுக்கமா, காற்றுத் துளை உண்டா, சாம்பல் தட்டு தனியாகக் கழலுமா, புகைபோக்கி எங்கே என்று நான்கு பக்கம் எழுதிக்கொண்டு, "யோசிச்சு வரேன் லா" என்று வெளியே வந்தார்.

யோசித்ததில் நான்கு நாள் போய்விட்டது. ஐந்தாம் நாள் யாரோ சொல்லிச் சாலாக் செலாத்தானில் கிஷனின் பழைய சாமான் கடைக்குப் போனார். கிஷன் நல்ல வியாபாரி. அவருக்கு 'இல்லை' என்ற சொல்லே தெரியாது.

"ஸ்மோக்கர் இருக்கா பாஸ்?"

"இருக்குண்ணே!" என்றார் கிஷன், அது என்ன என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே. "எப்படி வேணும்?"

கன்னையா நோட்டைப் புரட்டி வாசித்தார். கேட்கக் கேட்கக் கிஷனின் முகம் தெளிந்தது. கடையின் பின்னால் கூட்டிப்போய் ஒரு தார்பாயை விலக்கினார்.

நெஞ்சுயரத்துக்கு ஓர் எவர்சில்வர் பெட்டி. முன்னால் கதவு. உள்ளே கம்பித் தட்டு. அடியில் கழற்றி எடுக்கிற சாம்பல் தட்டு. சுற்றிலும் துளைகள். தலையில் குட்டிப் புகைபோக்கி.

"இது காத்து போற ஓட்டைதானே?"

"காத்து போற ஓட்டைதாண்ணே."

"கதவுல என்னமோ சீன எழுத்து?"

"பிராண்டுண்ணே. டாப் பிராண்டு."

"யாரு வெச்சிருந்தது?"

"ஒரு சீனப் பெரியவர் வீட்டு சாமான். அவர் போயிட்டாரு, மகன் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ஆஸ்திரேலியா போயிட்டாரு. நல்லா ஓடின சாமான்ண்ணே. உள்ள கரியப் பாருங்க, எத்தன வருஷக் கரி!"

கன்னையா தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். கரிதான். ஆனால் கொழுப்பு வாடையோ கறி வாடையோ இல்லை. கோயிலில் வருகிற மாதிரி ஒரு லேசான ஊதுவத்தி வாசம். 'சுத்தமான ஆட்கள்' என்று நினைத்துக்கொண்டார். நோட்டில் இருந்த நான்கு பக்கத்துக்கும் டிக் அடித்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொருளை அரை மணி நேரத்தில் தேர்ந்தெடுத்துவிட்ட பெருமையோடு, அதை லோரியில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்.

பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி லிம் அக்கா ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. புகை வருகிறது என்று சண்டைக்கு வர ஆளில்லை.

முதல் சோதனைக்கு ஒரு கோழி. ரம்புத்தான் மரக்கட்டையைப் பற்றவைத்துக் கதவை மூடினார். காலையில் வைத்தது மதியம் வெளியே வந்தது. அடடா, என்ன நிறம்! தேன் தடவிய மாதிரி மினுமினுப்பு. குமுதாவே அசந்துபோய் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். மறுபடியும் மென்றாள்.

"உப்பு போட்டீங்களா?"

"போட்டேனே!"

"மசாலா?"

"ராத்திரியே தடவி வெச்சேன்."

கன்னையாவும் ஒரு துண்டைத் தின்று பார்த்தார். உப்பில்லை, உறைப்பில்லை, கோழி என்ற ருசிகூட இல்லை. நனைந்த அட்டையை மெல்வது போல இருந்தது.

"படையல் போட்டு எடுத்த சோறு மாரி இருக்குங்க" என்றாள் குமுதா. "அவங்க ருசிய எடுத்துக்கிட்டு நமக்குச் சக்கைய விட்ட மாரி."

அப்போதுதான் கன்னையா பின்சுவரைப் பார்த்தார். ஏழு காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கரையவில்லை, கறிக்குப் பறக்கவில்லை. பந்தியில் இடம் பிடித்தவர்கள் மாதிரி அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு துண்டைத் தூக்கிப் போட்டார். ஒன்றுகூட இறங்கவில்லை.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். கிடைத்தும் ருசிக்காது என்று யாரும் சொல்லவில்லை. கன்னையா அசருகிற ஆளா? மறுநாள் உப்பை மூன்று மடங்காக்கினார். அதே நிறம், அதே சக்கை.

அன்று மதியம் சற்றுக் கண்ணயர்ந்த குமுதா, வியர்த்துப்போய் எழுந்து வந்தாள்.

"ஏங்க, ஒரு கனவு. நம்ம பின்வாசல்ல ஒரு பெரியவர் நிக்கிறாரு. வெள்ளச் சட்ட, மடிப்பு கலையல. 'எல்லாம் நல்லாருக்கு, உப்புதான் தூக்கல்'ங்கிறாரு."

"கோழியத் தின்னுட்டுத் தூங்கினா அப்படித்தான்."

சொன்னாரே தவிர, மூன்றாம் நாள் கன்னையா உப்பைக் குறைத்தார். எதற்குக் குறைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. சுவரில் காக்கைகள் பதினெட்டு ஆகியிருந்தன. குமுதாவின் மதியக் கனவில் இந்த முறை ஒரு பெண்மணி.

"என்ன சொன்னா?" கன்னையாவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"உப்பு இப்ப சரியாம். ஆனா ஒரு கோழி எந்த மூலைக்கு, நாங்க நெறைய பேருங்கிறா."

அதற்குப் பிறகு குமுதா பின்வாசல் பக்கம் தனியாகப் போவதை நிறுத்திவிட்டாள்.

கன்னையாவுக்கும் உள்ளூர உதறல்தான். ஆனால் காக்கையைவிட, கனவைவிட, இராமலிங்கம்தான் அவருக்குப் பெரிய பயம். ஒரு திட்டம் போட்டார். ஆட்டுத்தொடையைக் குமுதா அடுப்பில் பிரட்டி வேக வைத்துவிட வேண்டியது. பரிசத்தன்று பத்தே நிமிடம் பெட்டிக்குள் வைத்து, எல்லார் முன்னாலும் கதவைத் திறந்து எடுக்க வேண்டியது. ருசிக்கு ருசி, புகைக்குப் புகை.

வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்திலிருந்து பரிசப் பத்திரிகை வந்தது. நூறு பத்திரிகை. குமுதா பயத்தை மறந்து, மஞ்சள் கரைத்து நான்கு மூலையிலும் தடவத் தொடங்கினாள். நூறாவதைத் தடவி முடித்தபோது மலர்விழி வேலையிலிருந்து வந்தாள். ஒன்றை எடுத்து வாசித்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, இது என்னப்பா?"

'காலஞ்சென்ற திரு. இராமலிங்கம் அவர்களின் அன்பு மகன் தனேஷ்' என்று பத்திரிகை பளபளத்தது.

கன்னையாவுக்குக் கண்ணைக் கட்டியது. தப்பு அச்சகத்துடையது அல்ல. சொந்தக்காரர் ஒருவரின் பழைய பத்திரிகையைக் கொடுத்து, "இதே மாரி போடுங்க, பேர மட்டும் மாத்துங்க" என்றவர் அவர்தான். அவர்கள் பேரை மட்டும்தான் மாற்றியிருந்தார்கள்.

"இது மட்டும் அவரு கண்ணுல பட்டுச்சு, அவ்வளவுதான்" என்று மலர்விழி அழ ஆரம்பித்தாள். "மொதல்ல பொய், இப்ப இது. மூணு வருஷம்ப்பா. எனக்காக ஒரு பத்து நாளு வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதா உங்களால?"

மகள் அழுது பார்த்துக் கன்னையாவுக்கு வெகுநாள் ஆகியிருந்தது.

"ஒருத்தர் கைக்கும் போகாதும்மா. அப்பா பாத்துக்கிறேன். எல்லாருக்கும் போன்லயே சொல்லிடலாம்."

குப்பையில் போடலாம் என்றால் குமுதா விடவில்லை. "புள்ளையார் படம் போட்டிருக்கு, மஞ்சள் வேற வெச்சாச்சு. குப்பையில போட்டா குடும்பத்துக்கு ஆகாது. ஆத்துல விடுங்க, இல்ல நெருப்புல போடுங்க."

கிள்ளான் ஆற்றில் விட்டால் எவனாவது எடுத்து வாசித்துத் தொலைப்பான். நெருப்புதான். நெருப்புக்கு வீட்டிலேயே ஒரு பெட்டி இருக்கிறதே!

சனிக்கிழமை பகலில் ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். பத்திரிகைகள் கருகவில்லை, சுருளவில்லை. நீல நிறத்தில் ஒரு சுடர், அவ்வளவுதான், காணாமல் போயின. கடைசிப் பத்திரிகை போனதும் சாம்பல் தட்டை இழுத்துப் பார்த்தார். ஒரு சிட்டிகை சாம்பல்கூட இல்லை. சுவர் முழுக்கக் காக்கைகள். காலையிலிருந்து ஊருக்கெல்லாம் போனில் அழைப்பு சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டதால், அவற்றைப் பார்த்தும், "கண்டிப்பா வந்துடுங்க, குடும்பத்தோட" என்றார்.

காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்தன.

ஞாயிறு மதியம் வாசலில் பந்தல், நாற்பது நாற்காலி. பன்னிரண்டரைக்கெல்லாம் இன்னும் நூறு நாற்காலியைக் கோயிலிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாரும் வயதானவர்கள், வெள்ளை வெளேரென்ற உடுப்பு, சத்தம் போடாத மனிதர்கள். ஒன்றிரண்டு சீனப் பெரியவர்களும் இருந்தார்கள். கன்னையாவுக்கு ஒருவரையும் தெரியவில்லை. 'சுங்கை பூலோ ஆட்கள். கூட்டத்தோடு வந்து நம்மைச் சோதிக்கிறார் சம்பந்தி' என்று முடிவு கட்டி, "வாங்க வாங்க, சம்பந்தி பக்கத்துலயே உக்காருங்க" என்று ஒவ்வொருவரையும் இராமலிங்கத்தைச் சுற்றிக் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

அவர்களும் ஆசையாகத்தான் உட்கார்ந்தார்கள். ஒரு பாட்டியம்மா இராமலிங்கத்தின் கன்னத்தைத் தடவினார்.

"எப்பப்பா வந்த?"

"இப்பதாம்மா. பதினொண்ணரை இருக்கும்."

"ஓ, இப்பதானா. வலி கிலி ஒண்ணும் இல்லாம வந்தியா?"

"ஹைவேல கொஞ்சம் ஜாம். மத்தபடி சுகமா வந்துட்டேன்."

"அதான் வேணும். படுத்துக் கெடந்து வர்றதுதான் கஷ்டம்."

இராமலிங்கம் தலையாட்டினார். தன்னை இவ்வளவு அன்பாக விசாரிக்கிற பெண் வீட்டாரை அவர் கண்டதே இல்லை.

தட்டு மாற்றினார்கள். பரிசம் நல்லபடியாக முடிந்தது. அடுத்து அந்த நேரம் வந்தது. கன்னையா இராமலிங்கத்தைப் பின்பக்கம் கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்தார். புகை விலகியது. தொடை பொன்னாக ஜொலித்தது.

"புது மாடல் மாரி இருக்கே!" என்று இராமலிங்கம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டார். மென்றார். புருவம் சுருங்கியது.

கன்னையாவும் ஒரு துண்டைத் தின்று பார்த்தார். பத்தே நிமிடம்தான் உள்ளே இருந்தது. குமுதா அரைத்த மிளகு, சோம்பு, பட்டை எதுவும் இல்லை. வெறும் சக்கை. எல்லாம் முடிந்தது, மகள் கல்யாணமும் முடிந்தது என்று நினைத்தார்.

அப்போது பந்தலிலிருந்து ஒரு குரல். "பிரமாதம்!"

"உப்பு இப்ப கச்சிதம்" என்றார் ஒரு பெரியவர். வெள்ளைச் சட்டை, மடிப்பு கலையவில்லை.

"இந்த மாரி சாப்பிட்டு எத்தன வருஷமாச்சு!"

நூறு வாய் பாராட்டும்போது ஒரு வாய் என்ன செய்யும்? இராமலிங்கம் அவசரமாக விழுங்கினார். "நல்லா இருக்கு சம்பந்தி. எனக்கு ரெண்டு நாளா சளி, நாக்குதான் செத்துக் கெடக்கு" என்றார். மலர்விழி தூரத்திலிருந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அந்த நூறு பேர் காலிலும் விழலாம் போலிருந்தது கன்னையாவுக்கு.

விழத்தான் போனார். வெள்ளைச் சட்டைப் பெரியவர் எழுந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்றிருந்தது.

"மஞ்சள் தடவி, முறையா பத்திரிகை அனுப்பிக் கூப்பிட்டீங்க. இந்தக் காலத்துல எங்களையெல்லாம் யாரு தம்பி நெனைக்கிறா?"

கன்னையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்திரிகையா? நூறையும் தன் கையாலேயே எரித்தாரே! அச்சகத்துக்காரன் நூற்றொன்று அடித்துவிட்டானா? 'காலஞ்சென்ற' பத்திரிகை யாரோ ஒருவர் சட்டைப்பையில் இருக்கிறதா?

"ஐயா, அந்தப் பத்திரிகைய சம்பந்திகிட்ட மட்டும் காட்டிடாதீங்க" என்றார் பதறிப்போய்.

"காட்டல, காட்டல" என்று பெரியவர் கண்ணைச் சிமிட்டினார். "பாவம், அவருக்கே இன்னும் தெரியல போலிருக்கு. மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தான். நாங்க பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறோம்."

கன்னையா ஒன்றும் புரியாமல் வாசல்வரை நடந்தார். இவ்வளவு கூட்டத்துக்குத் தெருவே அடைத்துக் கிடக்க வேண்டும். பத்துப் பதினைந்து கார்தான் நின்றது. எல்லாம் தெரிந்த கார்கள். கேட்டருகே கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைப் பார்த்தார். நாற்பது ஜோடிதான் இருந்தது. உள்ளே திரும்பிப் பார்த்தார். நூற்றுக்கும் மேலே தலைகள். நடு முதுகில் ஓர் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

இராமலிங்கம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"சம்பந்தி, உங்க சொந்தக்காரங்க தங்கம் லா!"

"எங்க... நான் உங்க ஆளுங்கன்னு..."

அவர் எங்கே காதில் வாங்கினார்? "அவங்க எடத்துக்கு என்னையக் கூப்பிட்டிருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமை. கார் வேணாம், நாங்களே வந்து கூட்டிட்டுப் போறோம்னு சொல்லிட்டாங்க. எனக்குன்னு ஒரு எடம்கூட ஒதுக்கி வெச்சிருக்காங்களாம். நானும் வரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். வாக்குக் குடுத்தா நான் மாற மாட்டேன், உங்களுக்குத்தான் தெரியுமே."

சொல்லிவிட்டு அவர் மறுபடியும் அந்த வெள்ளைக் கூட்டத்தின் நடுவே போய் உட்கார்ந்துகொண்டார்.

"கன்னையா!"

பின்பக்கமிருந்து லிம் அக்காவின் குரல். அன்று காலைதான் ஈப்போவிலிருந்து திரும்பியிருந்தார். ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு பிறந்து வளர்ந்தவர், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. கை கழுவப் போனவர், கழுவாமலேயே எவர்சில்வர் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கதவிலிருந்த சீன எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்னக்கா, ஸ்மோக்கர் பாக்குறீங்களா?"

"இது கறி சுடுற பெட்டி இல்லப்பா" என்றார் லிம் அக்கா. "செத்தவங்களுக்கு நாங்க காகிதக் காசு, காகித வீடெல்லாம் எரிச்சு அனுப்புற அடுப்பு. இதுல என்ன போட்டு எரிச்சாலும், அப்படியே அவங்க கைக்குப் போய்ச் சேந்துடும்."